மீன் பெட்டியில் வந்த யெஸ்டி

பெசன்ட் நகர்
9 செப்டம்பர் 2025

பாரத்துக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். ‘அன்புள்ள’ போடவில்லை. மறந்துபோய் அல்ல.

நேற்று மாதா கோவில் திருநாள் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது உன் ஆள் லோடு ஆட்டோவோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தான். “அக்கா, அண்ணன் வண்டிய எடுத்தாரச் சொன்னாரு” என்றான். திருநாள் அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன், பூட்டை உடைத்துத் தூக்கிவிடலாம் என்று நினைத்திருப்பாய். பூட்டை உடைக்கிற வேலையை உனக்கு வைக்கவில்லை. நானே ஷெட்டைத் திறந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். நேற்றே தி. நகர் வந்து சேர்ந்திருக்கும்.

ஃபிரேம் தனி. சக்கரங்கள் தனி. டேங்க் தனி. இன்ஜின் மட்டும் உன் அம்மாவின் மூன்று மீன் பெட்டிகளில் வருகிறது. நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு திருகு விடாமல் பிரித்து வைத்திருந்தேன். பிஸ்டன், கிராங்க், கியர், வாஷர் என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத்தான் போட்டிருக்கிறேன். மீன் நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

போன மாதம் நான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நம் வீட்டு ஷெட்டுக்கு யூடியூப்காரர்களைக் கூட்டி வந்தாய். அந்த வீடியோவை எஸ்தர் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ நம் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறாய். “இன்ஜின்லேர்ந்து பெயின்ட் வரிக்கும் நான் ஒண்டியா கட்டினது தலைவா. வீட்ல சப்போர்ட்டு கீது. டைமுக்கு டீ வந்துடும்” என்கிறாய். அவர்கள் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய்.

டீயா? ராயப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து நின்ற துருப்பிடித்த சாமானை நாம் தள்ளிக்கொண்டு வந்தபோது, கிராங்க் எந்தப் பக்கம் சுற்றும் என்றாவது உனக்குத் தெரியுமா? நான் புத்தகம் வாங்கிப் படித்தேன், கெடுத்தேன், திரும்பப் பிரித்தேன். என் நகத்து கிரீஸ் போகவே போகாது. அதனால் பூசையில் கை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கக் கூச்சப்பட்டு, இத்தனை வருடமாக நாக்கில் வாங்குகிறேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

அன்று ராத்திரி வீடியோவைப் பற்றி நான் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இப்போது அந்த ஸ்ரீகிருஷ்ணா தன் தி. நகர் பங்களா கார் ஷெட்டை உனக்கு ஸ்டூடியோவாகக் கொடுத்திருக்கிறாராம். பழைய வண்டி சேர்க்கிற பணக்காரர், வீடியோவைப் பார்த்து மயங்கிவிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி விருந்தாளிகள் முன்னால் யெஸ்டியை நீ கிக் அடித்துத் திறப்பு விழாவாம். எஸ்தர் அதையும் காட்டினாள்.

ஒண்டியாகத்தானே கட்டினாய்? இன்னொரு தரம் கட்டு.

டீனா


தி. நகர்
15 செப்டம்பர் 2025

டீச்சரம்மாவுக்கு,

பெட்டி வந்தது. திறந்தேன். வஞ்சிர நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஸ்ரீகிருஷ்ணா சார் பக்கத்திலேயே நின்றார். “என்ன பாரத், இது?” என்றார். “சர்வீஸுக்குப் பிரிச்சது சார், இங்க லைவா கட்டிக் காட்டப் போறேன்” என்றேன். அவருக்கு ஒரே குஷி. ஷெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடிச் சுவர் போட்டு, மூலையில் கேமராவும் மாட்டிவிட்டார். நான் கட்டுவதை ஊரே பார்க்கப் போகிறது. நீ என்னைக் கவிழ்க்க அனுப்பினாய், எனக்கு மேடை கிடைத்தது. ரொம்ப தேங்க்ஸ்.

போனில் உன்னை பிளாக் பண்ணியது ஏன் தெரியுமா? போனில் பேசினால் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட மாட்டாய். காகிதத்தில் நடுவே புகுந்து திருத்த முடியாது. அதனால் ஆற அமரச் சொல்கிறேன், கேள்.

டீ என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? உங்கள் வீட்டிலிருந்து வந்தது. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் காஸ்பர் அண்ணன் தன் ஆபீஸ் நண்பர்களை ஷெட்டுக்கு அழைத்து வந்தார். யெஸ்டியைக் காட்டினார். “எல்லாம் என் தங்கச்சி செஞ்சது. கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. இவர் மாப்பிள்ளை, பாலிஷ் போட்டுக் குடுப்பார்” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “பாரத், இவங்களுக்கு டீ சொல்லிட்டு வாயேன்” என்றார். நான் போனேன். நீ அங்கேதான் நின்றாய். சிரித்தாய்.

பாலிஷாம்! டேங்கில் ஓடுகிற அந்தத் தங்கக் கோட்டை வேறு எவனாவது போட்டுவிடுவானா? ஊரூர் குப்பத்தில் மீன் பிடிக்கிற போட்டுக்குப் பெயர் எழுதிக் கற்ற கை இது. நான் அந்த டேங்க்குக்குக் கறுப்பு ஏற்றினபோது தெருவில் குப்பை வண்டி போனால்கூட வேலையை நிறுத்தினேன், தூசி விழும் என்று. நீ இன்ஜினை என்னைத் தொட விட்டதே இல்லை. “கையக் கழுவிட்டு வா, பெயின்ட் ஒட்டும்” என்பாய். உன் வீட்டில் பதினோரு வருடம் நான் பெயின்டர்தான்.

உன் அண்ணன் ஒரு தரம் சொன்னார், நான் ஒரு தரம் சொன்னேன். கணக்குத் தீர்ந்தது. எனக்கு வருத்தமே இல்லை. எஸ்தர் டீச்சர் காட்டும்போது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

நீ இன்ஜின் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தே கற்றுக்கொண்டேன். நவம்பர் இரண்டாம் தேதி கிக் அடிக்கிறேன். சத்தம் பெசன்ட் நகர் வரைக்கும் கேட்காது, எஸ்தரிடம் சொல்லி போனில் கேள்.

பாரத்


பெசன்ட் நகர்
22 செப்டம்பர் 2025

பாரத்துக்கு,

சிரித்தேன் என்கிறாய். அண்ணனின் நண்பர்கள் முன்னால் வேறு என்ன செய்வது, அழுவதா? அவர்கள் போன பிறகு அண்ணனோடு சண்டை போட்டு, ஈஸ்டர் வரைக்கும் அவர் வீட்டுப் படி நான் மிதிக்கவில்லை. ஏன் போகவில்லை என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? உனக்கு அது தோன்றவே இல்லை. உள்ளே வைத்துப் புழுங்கி, வருடக் கணக்கில் காத்திருந்து, நான் இல்லாத நேரம் பார்த்து கேமரா முன்னால் கொட்டியிருக்கிறாய். காஸ்பர் அண்ணன் மேல் கோபம் என்றால் அவர் மூக்கில் குத்தியிருக்க வேண்டியதுதானே? நான் தடுத்திருக்க மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். இந்நேரம் நீ என்ன செய்து முடித்திருப்பாய் என்று சொல்லட்டுமா?

பெட்டியைத் திறந்தவுடன் பாலிஷ் போடுகிற பஃபிங் வீலைத்தான் எடுத்திருப்பாய். கண்ணாடிச் சுவர், கேமரா, பார்க்கிற கூட்டம். மங்கலான அலுமினியத்தை உன்னால் பொறுக்க முடியாது. கிராங்க் கேஸ், கியர் கவர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்திருப்பாய். சரிதானா?

நான் எதிர்பார்த்தது அதைத்தான்.

பெட்டிகளில் ஒன்றுகூடக் குறையாது. வேளாங்கண்ணி மாதா அறிய ஒரு வாஷரைக்கூட நான் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஸ்பேருக்கு என்று புதுப்பேட்டையில் இன்னொரு யெஸ்டி இன்ஜின் வாங்கி அலமாரிக்குக் கீழே போட்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதையும் பிரித்துக் கலந்துவிட்டேன். உன்னிடம் இப்போது இருப்பது இரண்டு இன்ஜின்.

இன்ஜினுக்குக் கூடு மாதிரியான கிராங்க் கேஸ் இரண்டு பாதியாக வரும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துத்தான் துளை போடுவார்கள். ஒன்றின் ஜோடி இன்னொன்றுக்குப் பொருந்தாது. பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கியரும் அப்படித்தான், இரண்டும் வேறு வேறு வருடத்து இன்ஜின், பல் கொஞ்சம் மாறும். வாஷர்களில் தடிமன் மாறும். எது எதோடு சேரும் என்று நான் நெயில் பாலிஷ் புள்ளி வைப்பேன் இல்லையா? விரலில் ஒரு நாளும் நான் போடாத நெயில் பாலிஷ். அந்தப் புள்ளிகளை எல்லாம் பள்ளிக்கூட லேபிலிருந்து அசிட்டோன் கொண்டுவந்து துடைத்துவிட்டேன்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. பழைய எண்ணெய்க் கறையும் வெயில் பட்ட நிறமும் ஜோடிக்கு ஜோடி ஒரே மாதிரி இருக்கும். உற்றுப் பார்க்கிறவனுக்கு அது போதும். அதைத்தான் நீ பஃபிங் வீலில் வைத்துத் தேய்த்துவிட்டாய்.

பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாயாமே. பார்க்கலாம்.

டீனா


தி. நகர்
13 அக்டோபர் 2025

டீனா,

நீ மனுஷியா?

முதல் தரம் மூடினேன். கிராங்க் சுற்றவில்லை. கேஸின் வலது பாதியை மாற்றிப் போட்டேன், சுற்றியது. தெருவில் நின்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள், நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கியரைப் போட்டு மூடினால் கிக் பாதியில் நிற்கிறது. கியரை மாற்றினேன். கிக் இறங்கியது, ஆனால் இரண்டாவது கியர் விழவில்லை. வாஷரை மாற்றினேன். முதல் தரம் போலவே மறுபடியும் கிராங்க் இறுகிவிட்டது. பிரித்து, மூடி, பிரித்து, விரலெல்லாம் கிழிந்துபோச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறது. நேற்று ஒரு பெரியவர் உள்ளே தலையை நீட்டி, “இன்னா நைனா, டெய்லி இதையே கழட்டி மாட்டிக்கினுகீற?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராயப்பேட்டை மெக்கானிக் சைஃபிடம் போனேன். இரண்டு பாதியையும் கையில் வைத்துத் தட்டிப் பார்த்தான். “மச்சி, இப்டி பாலிஷ் போட்டுட்டு வந்து கேட்டா எப்டி? பிரிச்சவங்களாண்டயே கேளு” என்று சொல்லிவிட்டான். அவனைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கேமரா பார்க்கிறது. ‘தனியாக’ என்று போர்டே மாட்டியிருக்கிறார் ஸ்ரீகிருஷ்ணா சார். நான்தான் எழுதிக் கொடுத்தேன், தங்க எழுத்தில்.

டீனா, இது எனக்கு விளையாட்டு இல்லை. உன் வீட்டு ஷெட்டை விட்டால் எனக்கு என்று ஒரு இடம் இதுதான். இந்த வண்டி கிளம்பினால் ஸ்டூடியோ என் கையில். கிளம்பவில்லை என்றால் குப்பத்துக்குப் போய் மறுபடியும் போட்டுக்குப் பெயர் எழுத வேண்டியதுதான். உன் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்குத்தான் ஆசைப்படுகிறாயா?

எந்தப் பாதி எதன் ஜோடி, எந்தக் கியர், எந்த வாஷர் எங்கே. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பு, போதும்.

அனுப்பவில்லை என்றால் நானும் சும்மா இருக்க மாட்டேன். ஃபிரேமின் பின்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, ஒற்றை சீட்டு வைத்து, தடித்த டயர் போட்டு, இந்தக் காலத்துப் பசங்க ஓட்டுகிற மாதிரி மாற்றிவிடுவேன். ஒரிஜினல் ஒரிஜினல் என்று உயிரை விட்டாயே, அதைக் கட்டிங் மெஷினில் வைக்கிறேன். அறுக்கிறதை வீடியோ எடுத்து எஸ்தருக்கே அனுப்புகிறேன்.

பாரத்


பெசன்ட் நகர்
17 அக்டோபர் 2025

பாரத்துக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறார்கள் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எஸ்தர் என்ன என்று கேட்டாள். ‘என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார்’ என்று சொன்னேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இப்படிச் சந்தோஷப்படுவது பாவம் என்று தெரியும். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் சேரட்டும்.

ஃபிரேமை அறுப்பாயா? அறு பார்க்கலாம். உன்னால் முடியாது. அந்த ஃபிரேமில் துருவைச் சுரண்டி எடுத்தது நீ. ஒரு கீறல் விழுந்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவன். கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தாலே உனக்கு ஜுரம் வந்துவிடும். என்னைப் பயமுறுத்த வேறு ஏதாவது கண்டுபிடி.

துண்டுக் காகிதம் தயாராக இருக்கிறது. எந்தப் பாதிக்கு எது ஜோடி, எந்தப் பல்சக்கரம், எந்த வாஷர் எந்தத் தண்டில், எல்லாம் எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து நீ இரண்டே நாளில் கட்டிவிடலாம். வண்டி கிளம்பும். ஸ்டூடியோ உன்னுடையது.

அதற்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். ஸ்ரீகிருஷ்ணாவின் கேமரா முன்னால், நன்றாக வெளிச்சத்தில் நின்று, இரண்டு வாக்கியம் சொல். ‘இந்த இன்ஜினைக் கட்டியது டீனா.’ இது முதலாவது. ‘எனக்கு இன்ஜின் கட்டத் தெரியாது.’ இது இரண்டாவது. முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி, ‘சேர்ந்து செய்தோம்’ என்று மழுப்பித் தப்பிக்கலாம் என்று பார்க்காதே. இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வேண்டும். அந்த வீடியோ என் கண்ணில் பட்ட அடுத்த மணி நேரத்தில் காகிதம் உன்னிடம் இருக்கும். யூடியூபில் இருக்கிற பழைய வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேரும் இதையும் பார்க்க வேண்டும்.

நீ அதைச் சொன்னால் ஸ்ரீகிருஷ்ணா உன்னை வைத்துக்கொள்வாரா, வெளியே போ என்பாரா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்? ஸ்டாஃப் ரூமில் என் தலை குனிந்தபோது நீ கவலைப்பட்டாயா?

டீனா


தி. நகர்
3 நவம்பர் 2025

டீனாவுக்கு,

நேற்று விழா முடிந்தது. நீ கல்லறைத் திருநாள் என்று உன் அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போயிருப்பாய், நேரில் பார்த்திருக்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

பங்களா தோட்டம் முழுக்க நாற்காலி. கோட்டு போட்டவர்கள், பட்டுப் புடவைகள், பழைய வண்டிக் கிறுக்கர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நடுவில் மேடை. மேடை மேல் ஃபிரேம், பக்கத்தில் மூன்று மீன் பெட்டி. ஸ்ரீகிருஷ்ணா சார் காலையில் வந்து பார்த்து வெளுத்துப் போய்விட்டார். “இன்ஜின் எங்கப்பா?” என்றார். “பெட்டில கீது சார்” என்றேன்.

மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அலையில் ஆடுகிற போட்டில் நின்று ஒற்றைக் கையால் பெயர் எழுதுகிறவன் நான். இந்த இன்ஜினைக் கட்டியது என் பொண்டாட்டி டீனா என்றேன். எனக்கு இன்ஜின் கட்டத் தெரியாது என்றேன். யூடியூபில் சொன்னது பொய் என்று நீ கேட்காத மூன்றாவது ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். பின் வரிசையில் யாரோ ஒருவன் கெக்கெக்கே என்று சிரித்தான். எல்லாம் ரெக்கார்டு ஆகியிருக்கிறது. எஸ்தர் காட்டுவாள்.

ஸ்ரீகிருஷ்ணா சார் கத்தவில்லை. தோளில் தட்டி, “நாளைக்குச் சாவியக் குடுத்துடுங்க பாரத்” என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

உன் துண்டுக் காகிதம் எனக்கு வேண்டாம். அனுப்பினால் கிழித்துப் போடுவேன். வண்டி முழுக்க உன்னிடமே வருகிறது. இரண்டு இன்ஜினும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன, பஃபிங் போட்டுத் தளதளவென்று. உன் வேலையை நீ பிரித்தாய். உன் உரிமை. நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி விருந்தாளிகள் போனதும் ஒரு வாளித் தண்ணீரும் பெயின்ட் சுரண்டுகிற வாட்டர் பேப்பரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கோடு. அப்புறம் கறுப்பு. அப்புறம் அடியில் நான் பூசின சாம்பல். வெறும் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். டேங்க், மட்கார்டு, பக்கப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. ஃபிரேமைத்தான் அறுக்க மாட்டான் என்று சொன்னாய். சரிதான், அறுக்கவில்லை. டேங்க்கைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே.

தேய்க்கும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீ பெட்டியைத் திறக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துத் தேய்த்தேன். விடிந்ததே தெரியவில்லை.

உன் இன்ஜினைக் கட்டிக்கொள். தகர டேங்க்கை மாட்டிக்கொண்டு ஓட்டு.

இனிமேல் நான் குப்பத்தில்தான் இருப்பேன். இங்கே எழுதாதே.

பாரத்


பெசன்ட் நகர்
29 டிசம்பர் 2025

பாரத்துக்கு,

வீடியோவைப் பார்த்தேன். எஸ்தர் காட்டினாள். அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் காட்டினார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் வந்து, “மிஸ், நீங்களா மிஸ்!” என்று சுற்றி நின்று கத்தினார்கள். நான் கேட்டது அத்தனையும் கிடைத்தது. அந்த ஒரு வாரம் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

அப்புறம் டேங்க் வந்த பெட்டியைத் திறந்தேன்.

அழுதேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயாகக் கற்பனை செய்து இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுவாய். ஷெட்டில் தரையில் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதேன். பாவி! அதைப் போட நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? எப்படி மனசு வந்தது உனக்கு?

அழுது முடித்ததும் வெறி வந்தது. இவன் இல்லாவிட்டால் வண்டி நிற்குமா என்ன என்று ஆரம்பித்தேன். இன்ஜினைக் கட்டினேன். அது கிளம்பியது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பிரஸர் வாடகைக்கு எடுத்துக் கறுப்பும் அடித்துவிட்டேன். உன் அளவுக்குப் பளபளப்பு இல்லை, ஆனால் கறுப்பு கறுப்புதான். கடைசியில் கோடு.

உன் லைனிங் பிரஷ்களை விட்டுவிட்டுப் போயிருந்தாய். எடுத்துப் பிடித்தேன். இழுத்தேன். துடைத்தேன். மறுபடியும் இழுத்தேன். நீ கோடு போடும்போது ஷெட்டுக்குள் நான் வாயைத் திறந்தால் இடது கையைத் தூக்கி நிறுத்துவாய். திமிர் என்று நினைத்திருந்தேன். மூச்சு விட்டாலே கோடு ஓடிவிடுகிறது. டிசம்பர் பாதி இதிலேயே போயிற்று. கடைசியில் கோடு என்று ஒன்று நின்றது. இடது பக்கம் மூட்டில் வளைகிறது, வலது பக்கம் ஓர் இடத்தில் தடித்து, ஓர் இடத்தில் மெலிந்து, மூடிக்குப் பக்கத்தில் தள்ளாடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள். நான் ஒட்டவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காஸ்பர் அண்ணன் தன் நண்பர்களை மறுபடியும் கூட்டி வந்தார். “என் தங்கச்சி தனியாவே கட்டினது. வீடியோ பாத்தீங்கல்ல? அவனே ஒத்துக்கிட்டான்” என்றார். தனியாகவே என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நான் பிறகு என்ன சொன்னேன் என்று கேள். “இல்லண்ணா, பெயின்ட்டும் கோடும் பாரத்” என்றேன். எல்லோரும் குனிந்து டேங்க்கைப் பார்த்தார்கள். கோட்டை விரலால் தொடர்ந்து போனார்கள். தள்ளாடுகிற இடம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன், “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார்.

அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, நீ மைக்கில் பேசினதில்கூட அது இல்லை. அன்றிலிருந்து நிறுத்தவில்லை. சாயங்காலம் சாயங்காலம் வண்டியை எலியட்ஸ் பீச்சில், மக்கள் நடக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன். கூட்டம் கூடுகிறது. “இன்ஜின் யார் மேடம்?” என்றால் நான். “பெயின்ட்?” என்றால் பாரத், ஊரூர் குப்பம் பாரத், வீடியோவில் பார்த்திருப்பீர்களே, அவர்தான். முழுப் பெயரும் சொல்கிறேன், விலாசமும் சொல்கிறேன். நான் கேட்டு வாங்கும் வரை நீ எனக்குக் கொடுக்காத பெயரை நான் உனக்கு ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் அம்மா வந்தார்கள். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள், வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார்கள். நம் சண்டைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை, அது உனக்குத் தெரியும். என்னைப் பார்க்காமல் டேங்க்கைப் பார்த்தார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டினார்கள்.

“இன்னாடி இது? யாரு போட்டா?”

“உங்க புள்ளதான் அத்தை.”

“பொய் சொல்ற. இது எம் புள்ள கை இல்ல. எத்தினி போட்டுல அவன் கோட்டப் பாத்துக்கினுகீறேன், எனுக்குத் தெரியாதா?”

“அவர்தான் அத்தை. இப்பல்லாம் இப்படித்தான் போடுறார்.”

உன் அம்மாவின் முகம் மாறிப்போயிற்று. கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். “கையி கிய்யி ஒடஞ்சிதா அவனுக்கு? எங்கிட்ட சொல்லாம மறைக்கிறானா? குடிக்கிறானா?” என்று கேட்டார்கள். என் கையைப் பிடித்து, கோவில் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். “உங்க மாதா அதோ நிக்குது. அது மேல சத்தியம் பண்ணு, எம் புள்ளதான் போட்டான்னு.”

பண்ணிவிட்டேன்.

கூடையை அங்கேயே விட்டுவிட்டு அழுதுகொண்டே குப்பத்துப் பக்கம் ஓடினார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் உன்னிடம் வந்து உன் கையைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் நீ பேசிக்கொள்.

டீனா